விலை விழுந்த சனிக்கிழமை

வீட்டு விலை விழப்போகிறது என்ற செய்தி தெஹியோவிட்டவுக்கு முதன்முதலில் வந்து சேர்ந்தது நாகலிங்கத்தின் போன் வழியாகத்தான். கொழும்பில் மாடி மேல் மாடி கட்டி விற்கிற முதலாளிமாருக்கெல்லாம் அதற்குப் பிறகுதான் தெரிந்திருக்கும். கோட்டும் டையும் போட்ட ஒருவர் அந்தச் சின்னத் திரைக்குள் உட்கார்ந்துகொண்டு, சிவப்புக் கோடு ஒன்றை மேலிருந்து கீழே சர்ரென்று இழுத்து, "வீடு வைத்திருப்பவர்களே, இன்னும் ஆறே மாதம்" என்று விரலை நீட்டினார். விரல் நேராக நாகலிங்கத்தின் மூக்கைக் காட்டியது. அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று. சாப்பாடும் போயிற்று என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். காலையில் அஞ்சாறு ரொட்டியும் மத்தியானம் சிவனொளிபாதமலை உயரத்துக்குச் சோறும் மட்டும் வழக்கம்போல உள்ளே போய்க்கொண்டிருந்தன.

அவருடைய மனைவி சுப்பம்மா றப்பர் தோட்டத்தில் ஆயுசு முழுக்கப் பால் வெட்டி ஓய்ந்தவள். அவள் கத்தியோடு வருகிறாள் என்று தெரிந்தால் மரங்கள் தாமாகவே பட்டையைத் திருப்பிக் காட்டும் என்று தோட்டத்தில் பேச்சு. தோட்டத்தை விட்டு நிற்கிறபோது இரண்டு பேருக்கும் கிடைத்த காசைக் கொட்டி, அவிசாவளை பஸ் போகிற பாதையோரத்தில் ஒரு துண்டுக் காணி வாங்கி, வீடு கட்டினார்கள். காணி உறுதிப் பத்திரத்தில் இரண்டு பேருடைய பெயரும் இருந்தது. குடி புகுந்த அன்றைக்குச் சுப்பம்மா முன்கதவை உள்ளே பூட்டி, பிறகு திறந்து, பிறகு பூட்டி, விருந்தாளிகள் வெளியே வெயிலில் நிற்க, அரை மணி நேரம் அதே வேலையாக இருந்தாள்.

"இப்ப விலை உச்சத்துல நிக்குது, புள்ள" என்றார் நாகலிங்கம். "வித்துட்டுக் காச பேங்க்குல போட்டுருவோம். விழுந்தப்பறம் அதே காசுக்கு ரெண்டு வீடு வாங்கலாம்."

"ரெண்டா? ஒரு வீட்டக் கூட்டுறதுக்கே எனக்கு இடுப்பு கழண்டு போகுது. ரெண்டாவது வீட்ட அந்தக் கோட்டுக்காரரு வந்து கூட்டுவாரா?"

"வெளையாடாத. படிச்ச மனுசன் சொல்றாரு."

"அந்தப் படிச்ச மனுசன் அவரு வீட்ட வித்துட்டாராமா? பின்னால ஒரு சொவரு தெரியுதே, அது யாரு வீட்டுச் சொவரு?"

நாகலிங்கம் போனை மூக்குக்கு முன்னால் கொண்டுபோய்ப் பார்த்தார். சுவர் இருந்தது. நல்ல சுவர். மணிக்கூடு ஒன்றுகூட மாட்டியிருந்தது.

"அதுவரைக்கும் நாம எங்க படுக்கிறது?" என்று சுப்பம்மா கேட்டாள்.

"ஒன் கூட்டாளி கிறேஸ் இருக்கிற லயத்துல ஒரு காம்பரா சும்மாதான் கெடக்குதாம். தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டுப் பாப்போம்."

இங்கேதான் சுப்பம்மாவுக்குச் சுருக்கென்றது. வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள் ஒட்டி நிற்கிற லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவள் அவள். லயத்துக் காம்பரா யாருக்கும் சொந்தம் கிடையாது. ஆபீசிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டியதுதான். கிளம்புகிறவர்களுக்கு ஒரு முறை இருந்தது. சுவர் தோட்டத்துக்குச் சொந்தம், அதைத் தொடக்கூடாது. குடியிருந்தவர்கள் தங்கள் காசில் மாட்டிய கதவு, அடுப்படிக்கு மேல் போட்ட தகரம், முன்வாசலில் இழுத்துக் கட்டிய இஸ்தோப்புக் கூரை எல்லாம் அவர்களுடையவை. லயத்து ஆட்கள் அத்தனை பேரும் கூடி அவற்றைக் கழற்றி, தலையில் ஏற்றி, அடுத்த இடத்தில் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பார்கள். சுப்பம்மாவின் அப்பா மாட்டிய கதவு ஒன்று அந்தத் தோட்டத்தில் அவரைவிட அதிகம் நடந்திருக்கும்.

"காம்பராவுக்குப் போக மாட்டேன்" என்றாள் அவள்.

ஒரு மாதம் யுத்தம் நடந்தது. கோட்டுக்காரர் தினமும் புதுக்கோடு இழுத்தார். நாகலிங்கம் அதை வீட்டுக்குள் சத்தமாக வைத்தார். சுப்பம்மா அதைவிடச் சத்தமாகப் பாத்திரம் கழுவினாள். பாதையில் போகிற பஸ்காரர்கள், உள்ளே ஏதோ சின்ன மில் ஒன்று போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு மத்தியானம், அடுப்பில் கருவாடு கருகிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நாகலிங்கம் ஓடிவந்து, "சுப்பம்மா, ஆறு மாசம் இல்லயாம். அஞ்சாம்" என்றார்.

"வித்துத் தொலைங்க" என்றாள் சுப்பம்மா, கரண்டியை ஓங்கிக்கொண்டு. "வித்துத் தொலைச்சிட்டு எங்கயாச்சும் போவோம்."

கருவாட்டைப் பார்த்துச் சொன்னதா, அவரைப் பார்த்துச் சொன்னதா என்று விசாரிக்க அவர் நிற்கவில்லை. மாவனல்லையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற ரிப்கான், இந்தப் பாதையில் இன்னொரு கடை போட இடம் தேடிக்கொண்டிருந்தார். கருவாட்டுப் புகை அடங்குவதற்குள் அவருக்குப் போன் போய்விட்டது. சனிக்கிழமை அட்வான்ஸோடு வருவதாக அவரும் சொல்லிவிட்டார்.

சுப்பம்மா நினைத்திருந்தால் அந்த நிமிஷமே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன வார்த்தையை மென்று முழுங்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒருமுறை தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் ஐயாவோடு தகராறு வந்து, பால் வாளியைக் கவிழ்ப்பேன் என்று சொல்லிவிட்டாள். அவர் வந்து, தவறு என்னுடையதுதான் என்று சொன்னார். நல்லது என்று கேட்டுக்கொண்டு, பிறகு கவிழ்த்தாள். அப்படிப்பட்டவள் இப்போது தன் வாயால் தானே மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் பஸ் நிற்கிற இடத்தில் கிறேஸைக் கண்டாள். கிறேஸ் சுப்பம்மாவோடு பக்கத்து மரங்களில் பால் வெட்டியவள். மாதா கோயிலில் அவள் பாட்டெடுத்தால் தோட்டத்துப் பலாக்காய்கள் பழுத்துவிடும். அவ்வளவு பெரிய நெஞ்சு, அதற்கேற்ற கை.

"சனிக்கிழமை வீடு கைமாறுது, கிறேஸ். போறோம்" என்றாள் சுப்பம்மா.

"என்னக்கா இது, ஒரு பேச்சு மூச்சு இல்லாம?" என்று கிறேஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒண்ணையும் தொட வேணாம். நான் ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வாறேன். ஒங்க சாமான் ஒரு ஆணிகூட வாங்குற மொதலாளிக்குப் போகாது."

சட்டி பானை தூக்கித் தரத்தான் சொல்கிறாள் என்று சுப்பம்மா நினைத்தாள்.

சனிக்கிழமை காலையில் நாகலிங்கம் இரண்டு தடவை ஷேவ் எடுத்து, ரிப்கானுக்கு வழி காட்டச் சந்திக்குப் போனார். சுப்பம்மா மேலே தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஏறினாள். கும்பிட இல்லை, நியாயம் கேட்க. ஒரு பேச்சுக்குச் சொன்னதை இப்படியா பிடித்துக்கொள்வது என்று அம்மனிடம் நேராகக் கேட்டாள். அம்மன் பதில் சொல்லாததால் அம்மனோடும் கோபித்துக்கொண்டு இறங்கினாள்.

கடைசி வளைவில் அவளுக்கு ஏதோ கண் கூசியது. தன் வீடு நிற்க வேண்டிய இடத்தில் வீடு நின்றது. ஆனால் அதற்குள் வானம் தெரிந்தது.

கூரை இல்லை. கதவுகள் இல்லை. கதவு நிலைகளும் இல்லை. கூரைச் சீட்டுகள் எல்லாம் பலாமரத்தடியில் அப்பளம் அடுக்கியதுபோல் அடுக்கப்பட்டிருந்தன. கதவுகள் உயரப்படி வரிசையாகச் சாய்ந்து நின்றன. பைப்புகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. கக்கூஸுக் குழியில் இருந்த பீங்கான் கூடப் புல்லின்மேல் வெள்ளைக் கொக்கைப்போல உட்கார்ந்திருந்தது. லயத்துச் சனம் பாதி அங்கே நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"லொறி எங்கக்கா?" என்று கேட்டாள் கிறேஸ். இடுப்பில் ஸ்பானர் செருகியிருந்தது.

சுப்பம்மா புல்லுக்குப் போய், பீங்கானை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். 

"எங்க ஆளுங்க ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டாங்க" என்றாள் கிறேஸ் பெருமையோடு. "சொவருல ஒரு கீறல் இல்ல, வந்து பாருங்க. மொதலாளி ஒரு கொற சொல்ல முடியாது."

"அடியே, இது லயமாடி?"

"லயமோ வீடோ, நாம மாட்டுனத நாமதான கழட்டணும்?"

அந்த நேரத்தில் வேன் வந்து நின்றது. முன்னால் நாகலிங்கம் இறங்கினார், ஒரு காலைத் தரையில் வைத்தவர் அடுத்த காலை வைக்க மறந்துபோனார். ரிப்கான் நாற்பது வயது மதிக்கத்தக்க பருத்த மனிதர். கக்கத்தில் தோல் பை. வீட்டைப் பார்த்தார். புல்லில் இருந்த பீங்கானைப் பார்த்தார். திரும்பவும் வீட்டைப் பார்த்தார்.

"ஐயா" என்றார் மெதுவாக, "நீங்க போன்ல வீடு எண்டுதானே சொன்னீங்க?"

"வீடுதான் மொதலாளி" என்று நாகலிங்கம் முனகினார். "காலையில வீடாத்தான் இருந்துச்சு."

கிறேஸ் முன்னால் வந்தாள். "சொவரு ஒங்களுக்கு, சீட்டும் கதவும் இவங்களுக்கு. அதான வழக்கம்?"

"எந்த ஊர் வழக்கம், தங்கச்சி?"

"தோட்டத்து வழக்கம். எங்க பாட்டன் காலத்துலருந்து இப்பிடித்தான். சொவருல ஒரு துண்டு பூச்சாச்சும் பேந்திருந்தா சொல்லுங்க, நான் அப்பறம் லயத்துக்கு மூஞ்சி காட்ட மாட்டேன்."

ரிப்கான் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். "அம்மா, ஐயா, மனசுல வெச்சிக்காதீங்க. நான் யாவாரி. நான் பேசின வெல வீட்டுக்கு. இது நாலு சொவரு. பாதி தரலாம். அதுக்கு மேல ஏலாது."

நாகலிங்கம் அப்படியே சீட்டு அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். "விழுந்துருச்சு" என்றார். "அவரு சொன்ன மாதிரியே விழுந்துருச்சு. அவரு அஞ்சு மாசம்னாரு, அஞ்சு நிமிசத்துல விழுந்துருச்சு." கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. "பாதிக்கே குடுத்துருவோம் சுப்பம்மா. நாளைக்குக் கால் வெலகூட இருக்காது."

சுப்பம்மா கதவு இருந்த இடத்தின் வழியாக உள்ளே போனாள். பழக்கத்தில் கை தாழ்ப்பாளைத் தேடிப் போய், காற்றைத் தொட்டுத் திரும்பியது. முன்காம்பராவின் நடுவில் நின்றாள். மேகம் விலகி ஒரு வீச்சு வெயில் மேலேயிருந்து நேராகத் தரையில் விழுந்தது.

தரை சிவப்பாக இருந்தது.

சிவப்புச் சீமெந்து பூசியது அவளுக்குத் தெரியும். அவள்தான் கொத்தனாரோடு நின்று நிறம் கலந்தாள். ஆனால் கூரை ஏறிய நாளிலிருந்து அந்தத் தரை ஒருவிதக் காய்ந்த ஈரல் நிறத்தில்தான் கிடந்தது. இப்போது கல்யாணப் பெண்ணின் நெற்றிபோல் பளபளத்தது. அவள் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். சுடத் தொடங்கியிருந்தது. அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மொதலாளி, கொஞ்சம் உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள்.

ரிப்கான் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், வாசல் என்று ஒன்று இல்லாவிட்டாலும்.

"இந்த வீட்டு விலை இன்னும் விழுமா?"

"மேல பாருங்க, மழை வருது. நனைஞ்சா இன்னும் விழும் அம்மா."

"எதுவரைக்கும் விழும்?"

"காணி வெல ஈக்கிதானே. அதுல வந்து நிக்கும்" என்றார் ரிப்கான். மாவனல்லைப் பேச்சில் அவருக்கு இருக்கு என்பதெல்லாம் ஈக்கி.

"காணி வெலயும் விழுந்துச்சுன்னா?"

"விழலாம். ஆருக்குத் தெரியும்."

"விழுந்து விழுந்து சைபருக்கு வந்துருச்சுன்னு வைங்க. அப்ப இந்தத் தரை எங்க போகும்?"

ரிப்கான் தாடியைச் சொறிந்தார். அவருடைய இருபது வருஷ யாவாரத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "தரை எங்கயும் போகாது" என்றார். "இங்கதான் ஈக்கும்."

"அப்ப நானும் இங்கதான் இருப்பேன்" என்றாள் சுப்பம்மா. "விலை போற எடத்துக்கு அது போகட்டும். எனக்கு அதோட என்ன வேல?"

வெளியிலிருந்து நாகலிங்கத்தின் தலை எட்டிப் பார்த்தது. "நீதான வித்துத் தொலைங்கன்னு சொன்ன? இப்ப வாக்கு மாறுறியா?"

"மாறல. தொலைங்கன்னு சொன்னேன், தொலைஞ்சிருச்சு. கூரை தொலைஞ்சிருச்சு, கதவு தொலைஞ்சிருச்சு, கக்கூஸும் தொலைஞ்சிருச்சு. இதவிட ஒரு வார்த்தைக்கு எவ்வளவு தொலைக்கிறது? வாக்கு முடிஞ்சுது. இனி ஒறுதியில என் கையெழுத்து வேணும்னா, அந்தக் கோட்டுக்காரர வந்து என் கையப் புடிச்சுப் போடச் சொல்லுங்க."

வெளியே நின்ற சனத்தில் யாரோ சீட்டி அடித்தார்கள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல மொதலாளி" என்று சுப்பம்மா தொடர்ந்தாள். "விலை விழப்போகுதுன்னு இவரு ராப்பகலா பொலம்புறாரு. விழப்போற வீட்ட நீங்க ஏன் வாங்க வந்தீங்க?"

ரிப்கான் கொஞ்சம் நெளிந்தார். பிறகு பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். அதிலும் கோட்டும் டையும் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேறு கோட்டு, வேறு டை. பச்சைக் கோடு ஒன்றைக் கீழேயிருந்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார்.

"எண்ட ஆள் வெல ஏறும் எண்டு சொல்றார் அம்மா" என்றார் ரிப்கான்.

சுப்பம்மா சிரித்த சிரிப்பில் பலாமரத்து அணில்கள் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. நாகலிங்கம் இரண்டு போன்களையும் இரண்டு கையில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். சிவப்புக்காரரின் பின்னால் சுவர். பச்சைக்காரரின் பின்னாலும் சுவர். நம்பி ஒரு மாதம் தூக்கம் கெட்டதற்கு யாரைப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சரி, அக்கா விக்கலயாம்" என்று கிறேஸ் வெளியே அறிவித்தாள். "எல்லாத்தையும் திரும்பி ஏத்துங்க."

"கழட்டத்தான வந்தோம்? மாட்டுறதுக்கு வேற பேச்சு" என்றது ஒரு குரல்.

"சோறும் மீன் கொழம்பும்" என்று சுப்பம்மா உள்ளேயிருந்தே கத்தினாள். "கூரை ஏறினாத்தான் அடுப்பு எரியும். யோசிச்சுக்கங்க."

அதற்கு மேல் பேச்சு இருக்கவில்லை. ஆனால் முதல் துளி அப்போதே விழுந்துவிட்டது. சப்பிரகமுவ மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு துளியில் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டலாம். அது வருவதற்குள் முன்காம்பராவையாவது மூட வேண்டும் என்று சனம் சீட்டுகளோடு ஏறியது. கழற்றிய போல்ட்டுகளில் பாதி துருப்பிடித்து முறிந்துபோயிருந்தன. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கையில் ரிப்கான் தொண்டையைச் செருமினார்.

"வேன்ல ஒரு பெட்டி போல்ட் ஈக்கி" என்றார். "சும்மா இல்ல, கடை வெலக்கு."

"கடை வெலையா? வீடு வாங்க வந்தவரு எங்களுக்கே போல்ட் விக்கிறீங்க" என்றாள் கிறேஸ்.

"வெறுங்கையோட வீட்டுக்குப் போனா பொஞ்சாதி ஏசுவா, தங்கச்சி."

போல்ட்டை விற்றுவிட்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை. சட்டையைக் கழற்றி வேனில் போட்டுவிட்டு, சீட்டின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். சரியாகப் பிடிக்கவில்லை என்று கிறேஸிடம் ஏச்சும் வாங்கினார். முன்காம்பராவின் கடைசிச் சீட்டு இறுகவும் வானம் உடையவும் சரியாக இருந்தது. லயத்துச் சனம், மாவனல்லை முதலாளி, நாகலிங்கம், கதவுகள் எல்லாம் ஒரே காம்பராவுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றன. பீங்கான் மட்டும் வெளியே நனைந்தது.

கூரை ஏறியதும் தரை பழைய ஈரல் நிறத்துக்குத் திரும்பிவிட்டது. சுப்பம்மா அதைப் பார்த்தாள். பிறகு பாதைப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். அது முழுச் சுவர், லயத்துச் சுவர் மாதிரியே. வீடு கட்டுகிறபோது நாகலிங்கம் தனக்குத் தெரிந்த ஒரே மாதிரியில் கட்டிவிட்டார். ஏன் என்று கேட்க அவளுக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

"தம்பி" என்றாள் ரிப்கானிடம். முதலாளி தம்பியாகிவிட்டிருந்தார். "ஒங்க கடையில ஜன்னல் இருக்கா?"

"ஈக்கி. எல்லா சைஸும் ஈக்கி."

"இந்தச் சொவத்துல ஒண்ணு வைக்கணும்."

நாகலிங்கம் கூட்டத்துக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "என்ன புள்ள இது? விலை விழுற நேரத்துல வீட்டுக்கு ஜன்னலா? போட்ட காசு திரும்பி வருமா?"

"வராது" என்றாள் சுப்பம்மா. "வெயிலு வரும்."

அவர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். கோட்டுக்காரர் வெயிலுக்குக் கோடு எதுவும் இழுத்துவைத்திருக்கவில்லை.

"ஒங்களுக்கு நான் இப்பவே சொல்லிறணும்" என்றார் ரிப்கான், யாவாரக் குரலில். "ஜன்னல் வெல ஏறித்தான் ஈக்கி."

"ஏறட்டும்."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சுவரின் ஒரு முனையிலிருந்து அளந்து ஓர் இடத்தில் கோடு போட்டார். "இந்த அளவு போதுமா அம்மா?"

"இன்னும் அந்தாண்ட போடுங்க."

அவர் நகர்ந்தார். வழியில் நின்றவர்கள் சுவரோடு சுவராக ஒட்டி இடம் விட்டார்கள்.

"இன்னும்" என்றாள்.

ரிப்கான் நகர்ந்துகொண்டே போனார். நாகலிங்கத்தின் முதுகு மூலையில் இடித்தது. அதற்கு மேல் போகச் சுவர் இருக்கவில்லை.